ஆட்சேபம் இல்லாத பெயர்

குளத்தை நிரப்பி மனை போட்ட இடத்தில்
பதினேழு தெருக்கள்.
எல்லாம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன,
பெயர் மட்டும் வரவில்லை.
"ஆட்சேபம் இல்லாத பேராப் பாத்து எழுதுங்க, ஜெஸிந்தா"
என்று கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனார் கண்காணிப்பாளர்.
விதி சிறியது.
சாதி கூடாது. சாமி கூடாது. உயிரோடிருப்பவர் கூடாது.
இறந்தவர் என்றால்
எந்தப் பக்கத்துக்காரர் என்று கேட்பார்கள்,
அதனால் அவரும் கூடாது.

முதல் வாரம் வாழை எழுதினேன்.
இந்த ஜில்லாவில் வாழையை வேண்டாம் என்பார் யார்?
செவ்வாழைத் தெரு, ரசகதலித் தெரு, ஏத்தன் தெரு.
மட்டித் தெரு என்றதும் வந்துவிட்டார்
ஓய்வுபெற்ற கணக்கு சார் டென்னிசன்:
"எனக்க மவனுக்க கல்யாணக் கார்டுல
மட்டித் தெருன்னு அடிக்கணுமா?
பழம் நல்ல பழந்தான் கேட்டியளா,
மதுரைக்காரன் வாசிச்சா என்ன நெனப்பான்?"
பேயனை நானே அடித்தேன்.
துளுவனுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது,
அது எந்தச் சாதி என்று விளக்கி,
மூன்று பக்கம்.
வாழைக்குலைக்கும் குலம் கேட்கிற ஊர்.

பிறகு மீன்.
நெத்திலி, சாளை, அயிலை வரை எழுதி,
ஆறாம் தெருவில் சைவக்காரர்கள் ஒன்பது வீடு
என்று ஞாபகம் வந்து
கிழித்தேன்.
காற்றுகளை எழுதினேன்: கச்சான், கொண்டல், வாடை.
"கச்சான்னா எங்களுக்க கடப்புறத்துல
வள்ளத்தக் கவுத்துற காத்து.
அதையா வீட்டு வாசல்ல எழுதுவிய?"
வரி கட்ட வந்த மரியபுஷ்பம் சிரித்தாள்.
செம்பாறைக்குளம், அந்தப் பழைய பெயரையாவது
நாலாம் தெருவுக்கு வைக்கலாம் என்றேன்.
மனை விற்றவர் ஆளனுப்பினார்.
குளம் என்று எழுதினால்
சென்ட்டுக்கு ஒரு லட்சம் குறையுமாம்.
ஐப்பசியில் நாலாம் தெருவில் முட்டளவு வெள்ளம் நிற்கும்.
அதற்கு எழுத்துமூலம் ஆட்சேபம் எதுவும்
இதுவரை வரப்பெறவில்லை.

ஒரு பெயருக்கா இத்தனை பாடு என்றால்,
நான் வளர்ந்த தெருவின் பெயரை
இங்கே எழுதமாட்டேன்.
பத்தொன்பது வயதில், வடசேரியில் ஒரு ஜவுளிக்கடை.
கணக்கெழுத ஆள் தேவை என்று போட்டிருந்தது.
மனுவோடு நின்றேன்.
முதலாளி மார்க்கைப் பார்க்கவில்லை.
விரல் நேராக விலாசத்துக்குப் போனது,
அங்கேயே சற்று நின்றது.
பிறகு ஓரத்தில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்,
சொட்டுகிற தாளைக் கொடுப்பதுபோல.
இப்போது பலகையில் அந்தப் பெயர் இல்லை.
தார் பூசி, மேலே ஒரு பூவின் பெயர் எழுதியிருக்கிறார்கள்.
பூவைச் சொன்னால்
"பழைய பேரு என்னது?" என்கிறார்கள்.

எழுதி, அடித்து, எழுதி.
நேற்று ஒரு பெண் வந்தாள்,
குடிநீர் இணைப்புக்கு.
இருபத்திரண்டு இருக்கலாம்.
கையில் ஹெல்மெட், நகக்கண்ணில் சிமெண்ட்.
விண்ணப்பத்தில்
பெயர்: சுபிலா. கதவு எண்: 11.
தெரு என்ற கட்டத்தில், குண்டுகுண்டாக:
இன்னும் பெயர் வைக்கவில்லை.

பழக்கம். என் கண்ணும் முதலில்
அங்கேதான் போயிற்று.
போய்,
பிடிக்க ஒன்றுமில்லாமல் திரும்பியது.
முகத்தைப் பார்த்தேன். களைப்பு. மூக்கோரம் ஒரு மரு.
வேறொன்றும் தெரியவில்லை.
"தண்ணி எப்ப வரும் மேடம்?"
"இந்த மாசத்துக்குள்ள" என்று முத்திரை குத்தினேன்.

சாயங்காலம் கண்காணிப்பாளர் கேட்டார்,
லிஸ்ட் ரெடியா என்று.
இன்னும் ஒரு ஆட்சேபம் இருக்கு சார், என்றேன்.
யாருடையது என்று
அவர் கேட்கவில்லை.